புதிய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பழக்குதல்

எஞ்சின் பழக்குதல் என்பது, புதிதாக வாங்கிய அல்லது புதிய பிஸ்டன் பொருத்திய மோட்டார் சைக்கிளை முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குக் கட்டுப்பாட்டுடன் ஓட்டி, அதன் உட்பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் படிந்து அமைய விடும் முறையாகும். பேச்சுவழக்கில் இது ‘ரன்னிங்-இன்’ எனப்படுகிறது. “வண்டி இன்னும் டைட்டாக இருக்கிறது, ஃப்ரீ ஆகவில்லை” என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்தக் காலத்தைத்தான். இதன் அளவு வண்டிக்கு வண்டி மாறும். சில நிறுவனங்கள் 500 கிலோமீட்டர் என்கின்றன. சில 1,000 அல்லது 1,600 என்கின்றன. இந்தியாவில் விற்கும் சில வண்டிகளுக்கு 2,000 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு.

பல குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் என்பது மாதத் தவணையில் வாங்கப்படும் பெரிய பொருள். வேலைக்குப் போவதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், சரக்கு ஏற்றுவதும் அதை நம்பியே நடக்கின்றன. முதல் சில வாரங்களில் எஞ்சினுக்குள் நடக்கும் படிமானம் பின்னாளில் எளிதில் திருத்த முடியாதது. அது கெட்டால் எண்ணெய் எரிதல், இழுவைக் குறைவு, அதிக பெட்ரோல் செலவு ஆகியவை தவணை முடியும் முன்பே தலைகாட்டக்கூடும். ஆகவே இந்தச் சில நூறு கிலோமீட்டர்களில் என்ன நடக்கிறது என்பதை அறிந்து ஓட்டுவது நல்லது.

எஞ்சினுக்குள் நடப்பது

எஞ்சினின் உள்ளே பிஸ்டன், சிலிண்டர் என்ற உருளைக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பவை பிஸ்டன் ரிங்குகள். சாதாரண ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் மேலே இரண்டு ரிங்குகள் எரிவாயுவின் அழுத்தம் கசியாமல் தடுக்கின்றன. அவற்றின் கீழே உள்ள மூன்றாவது, சுவரில் படிந்த அதிகப்படியான எண்ணெயை வழித்து இறக்குகிறது.

புதிய சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் வேண்டுமென்றே மெல்லிய கோடுகள் கீறப்பட்டிருக்கும். ‘ஹோனிங்’ என்ற இந்த வேலையில், சாணைக் கற்கள் பொருத்திய கருவி சிலிண்டருக்குள் சுழன்றபடியே மேலும் கீழும் சென்று, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் கோடுகளைப் பதிக்கிறது. கோடுகளின் ஆழம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். கோடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் எண்ணெயைத் தேக்கி வைக்கும். மேடுகள் ரிங்கின் விளிம்பைச் சற்றே தேய்த்து, அந்தச் சிலிண்டருக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும். அந்த வேலையில் மேடுகளின் முனையும் மழுங்கும். இதுவே ‘ரிங் படிதல்’ ஆகும்.

அம்மியோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். புது அம்மியின் முகத்தை உளியால் கொத்தித்தான் தருவார்கள். முதலில் தவிட்டையோ அரிசியையோ வைத்து அரைத்து, அந்த விழுதைக் கல்பொடியோடு கொட்டிய பிறகே சமையலுக்கு எடுப்பது வழக்கம். கொத்தாத வழவழப்பான கல்லில் மிளகாய் வழுக்குமே தவிர அரைபடாது. சிலிண்டரிலும் கோடுகள் கொத்து வேலையைப் போன்றவை. முதலில் மாற்றும் எண்ணெய், கொட்டப்படும் முதல் விழுதைப் போன்றது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது என்பது இங்கே முக்கியமான கேள்வி. ரிங்குக்கு இயல்பாக உள்ள வில் விசை சிறியது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயு, ரிங்கின் மேற்புறம் வழியாக அதன் பின்பக்கத்துக்குச் சென்று அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. எஞ்சின் ஓரளவு பாரத்தை இழுக்கும்போதுதான் இந்த அழுத்தம் போதுமானதாக இருக்கும். எஞ்சினை ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட்டால் ரிங் படியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அப்படி ஓடும்போது எண்ணெய் கோடுகளுக்குள் தேங்கி, வெப்பத்தில் காய்ந்து, வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் படலமாகிவிடலாம். ‘கிளேசிங்’ எனப்படும் இந்த நிலை வந்துவிட்டால், ரிங் அதன்மேல் வழுக்கி ஓடுமே தவிர படியாது. எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகையாக வெளியேறும். இதைச் சரிசெய்யச் சிலிண்டரைக் கழற்றி மீண்டும் ஹோனிங் செய்ய வேண்டியிருக்கும்.

ஆக, எஞ்சினைப் பழக்குவதில் இரண்டு ஆபத்துகள் எதிரெதிர்த் திசைகளில் இருக்கின்றன. மிகவும் முறுக்கினால் வெப்பம் கூடி பாகங்கள் உரசிச் சேதமாகும். மிகவும் மெதுவாக ஓட்டினால் ரிங் படியாது. பழக்கும் முறைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே செல்லும் வழியைத் தேடுபவையே.

ரிங் தவிர கேம் ஷாஃப்ட், ராக்கர், கியர் பற்கள், வால்வும் அதன் இருக்கையும், கிளட்ச் தட்டுகள் ஆகியவையும் இந்தக் காலத்தில் ஒன்றோடொன்று பழகுகின்றன.

ஒரு சிறு கணக்கு

500 கிலோமீட்டர் என்பது சிறிய தூரமாகத் தோன்றலாம். எஞ்சினின் கணக்கில் அது அப்படியல்ல. இந்தியாவில் பெருமளவில் ஓடும் ஹீரோ ஸ்பிளெண்டர் வகை 97.2 சிசி எஞ்சினில் பிஸ்டனின் ஓட்ட நீளம் 49.5 மில்லிமீட்டர். ஒரு சுழற்சியில் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதால், அது கடக்கும் தூரம் 99 மில்லிமீட்டர்.

வண்டி மணிக்கு சராசரி 40 கிலோமீட்டர் வேகத்திலும், எஞ்சின் நிமிடத்துக்குச் சராசரி 4,000 சுழற்சியிலும் ஓடுவதாகக் கொள்வோம். 500 கிலோமீட்டரைக் கடக்க 12.5 மணி நேரம் ஆகும். அதற்குள் எஞ்சின் 30 லட்சம் முறை சுழன்றிருக்கும். ரிங்குகள் சிலிண்டர் சுவரில் ஏறத்தாழ 297 கிலோமீட்டர் உரசி ஓடியிருக்கும். படிமானத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்று சொல்லப்படுவதன் பொருள் இந்தக் கணக்கில் தெரியும்.

ஒரு வண்டிக்குச் சொன்ன சுழற்சி எண்ணை இன்னொரு வண்டிக்குப் பொருத்தக் கூடாது என்பதும் இதே கணக்கால் விளங்கும். பழைய புல்லட் 350 எஞ்சினின் ஓட்ட நீளம் 90 மில்லிமீட்டர். அதில் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 9 மீட்டர். ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் 4,000 சுழற்சியிலும் அது நொடிக்கு 6.6 மீட்டர்தான். சுழற்சி குறைவாக இருந்தும் புல்லட்டின் பிஸ்டன் வேகமாக ஓடுகிறது.

வெப்பமும் இடைவெளியும்

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. பல வண்டிகளில் சிலிண்டரின் உட்புறம் வார்ப்பிரும்பு உறை. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி விடப்படுகிறது. இது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

புதிய எஞ்சினில் உராய்வு அதிகம். ஆகவே வெப்பமும் அதிகம். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் அளவுக்கு மீறி விரிந்து, இடைவெளி மறைந்து, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் ‘எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது’ என்கிறார்கள். ஓடும்போது அப்படி நேர்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கக்கூடும். எஞ்சின் திடீரென இறுகுவதாக உணர்ந்த உடனே கிளட்சைப் பிடித்துச் சக்கரத்தை விடுவித்து, ஓரமாக நிறுத்த வேண்டும். புது வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

எல்லாச் சிலிண்டர்களும் வார்ப்பிரும்பு உறை கொண்டவை அல்ல. சில எஞ்சின்களில் அலுமினியச் சிலிண்டரின் உட்புறத்தில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த கடினமான பூச்சு இருக்கும். ‘நிக்கசில்’ என்ற இந்தப் பூச்சை ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் வாங்கல் சுழல் எஞ்சினுக்காக உருவாக்கியது. இவ்வகையில் பிஸ்டனும் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் இடைவெளியைச் சிறிதாக வைக்க முடியும். வெப்பமும் விரைவாக வெளியேறும். பூச்சு மிகக் கடினமானதால் சுவர் அவ்வளவாகத் தேயாது. பெரும்பாலும் ரிங்கே சுவருக்கு ஏற்பத் தேய்ந்து படியும்.

தயாரிப்பாளர்கள் சொல்வது

வண்டியோடு தரப்படும் கையேடுகளின் சொற்கள் வேறுபட்டாலும் கருத்து ஒன்றை ஒன்று நெருங்கியே இருக்கிறது.

ஹோண்டாவின் கையேடுகள் முதல் 500 கிலோமீட்டருக்கு முழுதாக முறுக்கிக் கிளம்புவதையும், திடீர் வேகமெடுப்பையும், கடுமையான பிரேக்கையும், சட்டென்று கியர் குறைப்பதையும் தவிர்க்கச் சொல்கின்றன.

யமஹாவின் கையேடுகள் பூஜ்யம் முதல் 1,600 கிலோமீட்டர் வரையிலான காலமே எஞ்சினின் வாழ்நாளில் மிக முக்கியமானது என்கின்றன. முதல் 1,000 கிலோமீட்டர் வரை குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் நீடித்து ஓட்டக் கூடாது. 1,000 கிலோமீட்டர் ஆனதும் எஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டும்.

கவாசாகியின் நிஞ்ஜா வரிசையில் சில வண்டிகளுக்கு முதல் 800 கிலோமீட்டர் வரை 4,000 சுழற்சியும், அங்கிருந்து 1,600 கிலோமீட்டர் வரை 6,000 சுழற்சியும் வரம்பாகக் குறிக்கப்பட்டுள்ளன.

ஹார்லி-டேவிட்சன் முதல் 80 கிலோமீட்டருக்கு 3,000 சுழற்சிக்குள் ஓட்டச் சொல்கிறது. அதே சமயம், மிகக் குறைந்த சுழற்சியில் எஞ்சினைத் திணறவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது.

சுசுகியின் கையேடுகள் ஒரே வேகத்தில் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்வதோடு, பாகங்கள் சரியாகப் படிய வேண்டுமானால் இந்தக் காலத்தில் எஞ்சினுக்குச் சற்றுப் பாரமும் தேவை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன.

இந்தியாவில் விற்கும் சிறிய வண்டிகளில் சுழற்சி காட்டும் மீட்டர் பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றின் கையேடுகள் ஒவ்வொரு கியருக்கும் உச்ச வேகத்தைக் கிலோமீட்டரில் குறிப்பிடுகின்றன. வண்டி வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தைப் படித்துக் குறித்துக்கொள்வது பயனுள்ளது. கீழே வருவது பொதுவான விளக்கமே. குறிப்பிட்ட வண்டிக்கு அதன் கையேடே முடிவானது.

ஓட்டும் முறை

கிளம்பும் முன்: எண்ணெய் அளவு, டயர் காற்று, செயின் தளர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்திலேயே உறுமவிடக் கூடாது. எண்ணெய் மேலே உள்ள வால்வுப் பகுதி வரை செல்லச் சற்று நேரம் பிடிக்கும். பொதுவாக அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரை மென்மையாக ஓட்டினால் போதும். கையேடு கூடுதல் நேரம் சொன்னால் அதன்படி செய்யலாம். பத்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடேற்றுவது தேவையற்றது.

முதல் 100 கிலோமீட்டர்: ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்காமல், கியர்களை மாற்றி மாற்றி ஓட்டலாம். சிறு சிறு பயணங்களாக வைத்துக்கொண்டு, நடுவில் எஞ்சின் ஆற இடம் தர வேண்டும். முழுதாகச் சூடாகி முழுதாக ஆறுவது பாகங்களுக்கு நல்லது. பின்னால் ஆள் ஏற்றாமல் இருப்பது சிறந்தது.

100 முதல் 500 கிலோமீட்டர் வரை: மென்மையாக வேகமெடுத்து, பின்பு ஆக்சிலரேட்டரை மூடி எஞ்சினின் பிடிப்பிலேயே வேகம் குறையவிட வேண்டும். வேகமெடுக்கும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. மூடும்போது பாரம் நீங்கி, எண்ணெய் சுவரை நனைத்துக் குளிர்விக்கிறது. ஊருக்குள் சிக்னலும் வேகத்தடையும் உள்ள சாலையில் ஓட்டும்போது இந்த ஏற்ற இறக்கம் தானாகவே அமைந்துவிடும்.

500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை: முதல் சர்வீஸ் முடிந்த பின் வரம்பைப் படிப்படியாக உயர்த்தலாம். முக்கால் அளவு வரை, சில நொடிகளுக்கு, எப்போதாவது முறுக்கலாம். முழு வேகத்தில் நீடித்து ஓட்டுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

1,000 கிலோமீட்டருக்குப் பின்: கையேடு வேறு சொல்லாவிட்டால், ஒவ்வொரு பயணத்திலும் சற்றுச் சற்றாக வேகத்தைக் கூட்டி முழுத்திறனுக்குக் கொண்டு வரலாம்.

நெடுஞ்சாலையில் இந்த விதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. லாரிகளும் பேருந்துகளும் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சாலையில், புது வண்டி என்பதற்காக நடுத்தடத்தில் 40-இல் ஊர்வது உயிருக்கு ஆபத்து. பிரிட்டனில் ஒரு காலத்தில் ‘புது எஞ்சின், தாண்டிச் செல்லவும்’ என்ற பொருளில் வண்டியின் பின்னே அட்டை ஒட்டும் வழக்கம் இருந்தது. அட்டையை நம்புவதைவிட, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலையைத் தவிர்ப்பதே மேல். முந்தவோ விலகவோ ஒரு கணம் முறுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் தயங்காமல் முறுக்க வேண்டும். அந்த ஒரு கணத்தால் எஞ்சின் கெட்டுவிடாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

‘40-ஐத் தாண்டாதே’ என்ற அறிவுரையைத் தவறாகப் புரிந்துகொள்வது முதல் தவறு. வேகம் 40-க்குள் இருந்தால் போதும் என்று எண்ணி, டாப் கியரில், பின்னால் ஆள் வைத்து, மேம்பாலத்தில் ஏறுபவர்கள் உண்டு. எஞ்சின் இழுக்க முடியாமல் திணறி உதறும். அந்த நிலையில் சுழற்சி குறைவு, எண்ணெய் ஓட்டமும் குறைவு, பிஸ்டன்மேல் பாரமோ அதிகம். வேகமாக ஓட்டுவதைப் போலவே இதுவும் கெடுதல்தான். சரியான கியருக்குக் குறைத்து, எஞ்சினை இலகுவாகச் சுழலவிட வேண்டும். பார்க்க வேண்டியது மீட்டர் முள்ளை மட்டுமல்ல, எஞ்சினின் சத்தத்தையும்.

இரண்டாவது தவறு, ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் ஓட்டி ‘ரன்னிங்கை’ ஒரே நாளில் முடிப்பது. ஒரே சுழற்சியில் ஓடும் எஞ்சினின் பாகங்கள் அந்த ஒரு நிலைக்கே பழகுகின்றன; வெப்பமும் ஆற இடமின்றித் தேங்குகிறது. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட வண்டியில் நீண்ட பயணம் தவிர்க்க முடியாததானால், மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

மூன்றாவது, ஸ்டாண்டில் போட்டு மணிக்கணக்காக ஐடிலில் ஓடவிடுவது. இதில் ரிங்குக்குப் பாரமும் இல்லை, எஞ்சினுக்குக் காற்றும் இல்லை.

நான்காவது, எண்ணெயில் கலக்கும் சேர்மானங்களைத் தாமாக வாங்கி ஊற்றுவது. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் படிய வேண்டிய ரிங்கைப் படியவிடாமல் செய்யலாம்; கிளட்சையும் வழுக்கச் செய்யலாம்.

எஞ்சின் எண்ணெய்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர் பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. கார் எண்ணெய் சிலவற்றில் உள்ள உராய்வுக் குறைப்பிகள் இந்தக் கிளட்சை வழுக்கவிடும். ஜப்பானியத் தரக்குறியான ‘ஜாசோ’வில் எம்.ஏ., எம்.ஏ.2 என்பவை நனைந்த கிளட்சுக்கு ஏற்றவை, எம்.பி. என்பது உராய்வு குறைந்த வகை, நனைந்த கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர் போன்றவற்றுக்குப் பொருந்துவது. டப்பாவின்மேல் இந்தக் குறியைப் பார்த்து வாங்க வேண்டும்.

பழக்கும் காலத்தில் மினரல் எண்ணெயா, சிந்தெட்டிக் எண்ணெயா என்பது பழைய விவாதம். சிந்தெட்டிக் மிகவும் வழுக்கலானது, ரிங் படியாது என்பது ஒரு சாரார் கருத்து. தொழிற்சாலையிலேயே சிந்தெட்டிக் எண்ணெய் ஊற்றி அனுப்பும் நிறுவனங்களும் உள்ளன. கையேடு குறிப்பிடும் தரமும் தடிமனும் உள்ள எண்ணெயை ஊற்றுவதே விவாதத்துக்கு இடம் தராத வழி.

இந்தக் காலத்தில் எண்ணெய் சற்றுக் குறைவது இயல்பு. ஆகவே வாரம் ஒருமுறையாவது அளவைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்ப்பது சரியான முறை.

முதல் சர்வீஸ்

முதல் சர்வீஸ் இந்தியாவில் பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும். அதில் முக்கியமான வேலை எண்ணெய் மாற்றுவது. ரிங்கும் சுவரும் கியர் பற்களும் தேய்ந்த உலோகத் துகள்கள் அந்த எண்ணெயில்தான் மிதக்கின்றன. வடித்த எண்ணெயை வெயிலில் பார்த்தால் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுக்கம் தெரியலாம். முதல் முறை அது இயல்பே. விரலில் தட்டுப்படும் அளவுக்குத் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

எண்ணெயோடு ஃபில்டரை மாற்றுவது அல்லது சுத்தம் செய்வது, வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது, தளர்ந்த போல்டுகளை இறுக்குவது, கிளட்ச் கேபிளையும் செயினையும் சரிசெய்வது ஆகியவையும் இதில் அடங்கும். புதுக் கேபிளும் புதுச் செயினும் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தளர்வது வழக்கம்.

சர்வீஸ் அட்டையில் கிலோமீட்டர், நாள் என இரண்டு கணக்குகள் இருக்கும். இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. வண்டி குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று நாள் கெடுவைத் தவறவிடுபவர்கள் பலர். பின்னர் எஞ்சினில் கோளாறு வந்து உத்தரவாதம் கேட்கும்போது, முதல் சர்வீஸ் உரிய காலத்தில் நடக்கவில்லை என்பது மறுப்புக்குக் காரணமாகக்கூடும். சர்வீஸ் ரசீதையும் முத்திரையிட்ட அட்டையையும் பத்திரப்படுத்துவது அவசியம்.

டயரும் பிரேக்கும்

பழக வேண்டியது எஞ்சின் மட்டுமல்ல. புது டயரின் மேற்பரப்பு வழவழப்பானது. முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் வண்டியை அதிகம் சாய்க்கக் கூடாது. ஈரச் சாலையில் கூடுதல் கவனம் தேவை. பிரேக் பேடும் டிஸ்க்கும், அல்லது பிரேக் ஷூவும் டிரம்மும், முழுப் பரப்பில் தொட்டுக்கொள்ளச் சிறிது தூரம் ஓட வேண்டும். அதுவரை பிரேக் பிடிப்பு குறைவாக இருக்கும் என்பதால் முன்னே செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே கூடுதல் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும்.

கடுமையாக ஓட்டிப் பழக்கும் முறை

இணையத்தில் பரவியுள்ள இன்னொரு கருத்து, கையேட்டின் மென்மையான முறையை ஏற்பதில்லை. சிலிண்டரின் கோடுகள் கூர்மையாக இருக்கும் முதல் சில பத்துக் கிலோமீட்டரிலேயே ரிங் படிந்துவிட வேண்டும். அதற்கு எஞ்சினை நன்கு சூடாக்கி, நடுக்கியர்களில் பலமாக முறுக்கி வேகமெடுத்து, உடனே மூடி வேகம் குறைக்க வேண்டும். பின்பு சீக்கிரமே எண்ணெயை மாற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இதில் ஓர் உண்மை உண்டு. ரிங் படிய வாயு அழுத்தம் வேண்டும் என்பதும், எண்ணெயை விரைவில் மாற்றுவது நல்லது என்பதும் சரியே. பந்தய எஞ்சின்கள் சில மணி நேரத்துக்குள் பழக்கப்படுகின்றன. ஆனால் அவை அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படும் எஞ்சின்கள். பத்தாண்டு ஓட வேண்டிய வண்டியில் ரிங் மட்டும் படிந்தால் போதாது. பேரிங், கேம், கியர் ஆகியவையும் பழக வேண்டும். அவற்றுக்கு அதிரடி உதவாது. புது டயரோடும் பழகாத பிரேக்கோடும் பொதுச்சாலையில் இப்படி ஓட்டுவது ஓட்டுநருக்கும் ஆபத்து. கையேட்டின் வரம்பை மீறியதால் உத்தரவாதத்தில் சிக்கல் வந்தால் இழப்பு வண்டிக்காரருடையது.

இரு தரப்பும் ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. எஞ்சின் சூடாகும் முன் முறுக்கக் கூடாது, ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது, ஐடிலில் விடக் கூடாது, திணறவிடக் கூடாது, முதல் எண்ணெயைத் தாமதமின்றி மாற்ற வேண்டும். இந்த ஐந்தையும் கடைப்பிடித்தாலே பெரும்பாலான கேடு தவிர்க்கப்படும்.

ரீபோர் செய்த எஞ்சின்

பல ஆண்டு ஓடித் தேய்ந்த சிலிண்டரை லேத்துப் பட்டறையில் சற்றுப் பெரிதாகக் கடைந்து, 0.25, 0.50, 0.75 அல்லது 1.00 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போடுவது ‘ரீபோர்’ எனப்படும். இதற்குப் பிறகு வண்டி பழையதானாலும் எஞ்சின் புதியதே. முதலிலிருந்து பழக்க வேண்டும். கடைந்த பின் ஹோனிங் செய்தார்களா, சிலிண்டரைச் சோப்பு நீரில் கழுவிச் சாணைப் பொடியை நீக்கினார்களா என்று கேட்டு உறுதி செய்வது நல்லது. அந்தப் பொடி உள்ளே தங்கினால் புது ரிங்கை விரைவில் தின்றுவிடும். எண்ணெயைப் புது வண்டியைவிடச் சீக்கிரமாக, சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே, ஒருமுறை மாற்றிவிடுவது பல மெக்கானிக்குகளின் வழக்கம். நிக்கசில் பூச்சுள்ள சிலிண்டரை இப்படிச் சாதாரணமாகக் கடைய முடியாது. சிலிண்டரையே மாற்றுவார்கள் அல்லது மீண்டும் பூச்சிடுவார்கள்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் பிஸ்டனுக்கு வரும் எண்ணெய், பெட்ரோலோடு கலந்தே வருகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடி அதிவேகத்தில் உருண்டால் பெட்ரோலோடு எண்ணெயும் நின்றுபோய், புதுப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும். இறக்கத்தில் இடையிடையே சற்று முறுக்கிவிடுவது இதைத் தவிர்க்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இயல்பானவை: முதல் நாட்களில் சைலன்சரிலிருந்து வரும் வண்ணப்பூச்சு மணம், கியர் சற்றுக் கடினமாக விழுவது, எஞ்சின் கூடுதலாகச் சூடாவது, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மைலேஜ். வண்டி பழகப் பழக இவை குறையும்.

இயல்பற்றவை: முதல் சர்வீஸுக்குப் பின்னும் தொடரும் நீலப்புகை, வாரந்தோறும் எண்ணெய் ஊற்ற வேண்டிய நிலை, உலோகம் தட்டும் ஓசை, எஞ்சின் அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவு, சூடானதும் திணறி நிற்பது. இவற்றைப் ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடாமல், உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே எழுத்து மூலம் சர்வீஸ் அட்டையில் பதியச் செய்ய வேண்டும்.

மின்சார வண்டிகள்

மின்சார மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் பிஸ்டனும் ரிங்கும் இல்லை. ஆகவே எஞ்சின் பழக்குதல் என்ற தேவையும் இல்லை. ஆயினும் டயர், பிரேக் ஆகியவற்றுக்கான முதல் 150 கிலோமீட்டர் எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும். செயின் அல்லது பெல்ட் உள்ளவற்றில் அதன் தளர்ச்சியையும் முதல் சர்வீஸில் பார்த்துக்கொள்ள வேண்டும்.